புளியங்குளத்து ஆலமரமும் வவ்வாலின் குடலும்
மதுரைப் பக்கம் புளியங்குளம். வயல்களுக்கு நடுவே பெரிய ஆலமரம். கிளை முழுக்கத் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வவ்வால்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜி. மாரிமுத்து 1988இல் இந்த மரத்தைப் பற்றி எழுதியபோது சுமார் 500 வவ்வால்கள் இருந்தன. மரத்தில் முனி குடியிருக்கிறது, வவ்வாலைத் தொட்டால் சும்மா விடாது என்பது ஊரார் நம்பிக்கை. சட்டம் செய்யாததை முனி செய்தது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் இந்த வவ்வால் தீங்குயிரிப் பட்டியலில்தான் இருந்தது. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீங்கியது.

இருட்டியதும் இவை இரைக்குக் கிளம்பும். இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். எடை ஒரு கிலோவைத் தாண்டும். இந்த உடம்பைத் தூக்கிப் பறக்க வேண்டுமானால் வயிற்றில் சுமை ஆகாது. மாட்டைப்போல நாள்கணக்கில் தீனியை உள்ளே வைத்திருக்க முடியாது. பழத்தை வாயில் நசுக்கிச் சாற்றை விழுங்கி, சக்கையைத் துப்பிவிடும். விழுங்கியதும் அரை மணி நேரம்போல எச்சமாகிவிடும்.

குடலும் சிறியது. அதே எடையுள்ள தரை விலங்கைவிடப் பறவைக்கும் வவ்வாலுக்கும் சிறுகுடலின் பரப்பு குறைவு. பிறகு சத்து எப்படி ஒட்டுகிறது? அர்ஜென்டினாவில் சான் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் என்ரிக்கே கவியேதெஸ்-விடால் குழுவினர் 2007இல் இதற்கு விடை சொன்னார்கள். வயலுக்கு மடை வழியாகவும் நீர் வரும், வரப்புக் கசிவிலும் வரும் அல்லவா? குடலும் அப்படித்தான். சர்க்கரையைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் புரதங்கள் மடை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள சந்து, கசிவு. தரை விலங்குகளில் கசிவு சொற்பம், பறப்பவற்றில் தாராளம். எகிப்துப் பழவவ்வாலில் குளுக்கோஸ் பாதிக்கு மேல் இந்தச் சந்து வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது.

மடையை அடைக்கலாம், கசிவை அடைக்க முடியாது. சர்க்கரை நுழையும் சந்தில் நீரில் கரையும் நஞ்சும் நுழையக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பழுக்கும் தறுவாயில் கொய்யாவுக்கு மருந்து தெளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பழத்தைச் சந்தைக்கு அனுப்புவதும் சரியல்ல என்பது வேறு விஷயம்.

கொய்யா, மா வைத்திருப்பவர்களுக்கு வவ்வாலால் நட்டம் உண்டு, மறுப்பதற்கில்லை. மாங்காயை முற்றியதும் பறித்து வீட்டில் பழுக்க வைக்கலாம். கொய்யாக் குலைக்குப் பை கட்டலாம். வலை போட்டால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்த வலையில் வவ்வால் சிக்கிச் சாகும். அது கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிபா நோய் அப்படியும் வரலாம்.

பெரிய இலுப்பை விதையை வவ்வால் வாயில் கவ்விப் போய் வேறிடத்தில் போடும். ஆல், அரசு, அத்தி விதைகள் பொடி. சாற்றோடு குடலுக்குள் போய் முளைப்புத்திறன் கெடாமல் வெளியே வரும். பனையின் மட்டையிடுக்கில் நிற்கும் ஆலங்கன்றைக் கொண்டுவந்தது ஒரு பறவையாகவோ வவ்வாலாகவோதான் இருக்கும்.