பம்பின் மீது போட்ட பழி

எங்கள் இணுவில் வீட்டில் இன்னமும் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. 1958 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 948 சி.சி. இயந்திரம். அப்பா வாங்கியது. வருடத்தில் சில தடவைகள் மாத்திரம் வெளியே எடுப்பேன். கடந்த மாதம், கனடாவிலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு மாமாவின் இளைய மகன், இந்தக் காரில் ஒருமுறை பெரியாஸ்பத்திரி வரை போய்வர வேண்டும் என்று கேட்டான். அவனுடைய தகப்பனார் கடைசியாக ஏறிய வாகனம் இது. மறுக்க முடியுமா?

காலையில் சாவியைத் திருப்பினால் இயந்திரம் சுழல்கிறது, பற்றிக்கொள்ளவில்லை. பிளக்கில் பொறி நன்றாக வருகிறது. ராங்கியில் பெற்றோல் இருக்கிறது. அது கார்பரேற்றருக்கு வந்து சேரவில்லை என்பதே மிச்சம். அழைத்து வந்த இளம் மெக்கானிக் பொனற்றைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"பம்ப் பழுது ஐயா. புதுசு போட வேணும்."

பக்கத்தில் நின்றவன் சிரித்தான். "அண்ணை, அப்பாவைக் கொண்டுபோன அண்டைக்கும் இந்தப் பம்ப்தானே பழுது!"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அதனை அனுபவித்திராதவர்களுக்குச் சற்று விளக்கம் வேண்டும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆவியாகாதது பொறிக்குப் பற்றாது. எனவே ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சிறிதளவு பெற்றோல். சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறிக்கொள்ளலாம். அப்பா பொனற்றின் உள்ளே ஒரு சேலைன் போத்தலைக் கட்டி, அதிலிருந்து கார்பரேற்றருக்கு ஒரு ரியூப்பும் திருகியும் பொருத்தியிருந்தார். காரை நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மண்ணெண்ணெயை மூடிப் பெற்றோலைத் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. அல்லாவிடில் மிதவை அறையில் மண்ணெண்ணெய் நிறைந்து நிற்கும். அடுத்த தடவை போத்தலைத் திறந்தாலும் பெற்றோலுக்கு உள்ளே இடமிராது.

1993 இல் ஒரு நாள் இரவு காரை ஓட்டி வந்தவன் நான். அப்போது பல்கலைக்கழகக் கலைப்பீட மாணவன். 9.15 க்கு பிபிசி தமிழோசை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில்தான் வானொலி கேட்போம். பெடலைச் சுற்றுவது அன்று என் முறை. செய்தி தவறிவிடும் என்ற அவசரத்தில் திருகியை மாற்றாமலே சாவியை மூடிவிட்டு ஓடினேன்.

ஒரு மணியளவில் பக்கத்து வீட்டில் அழுகுரல் கேட்டது. மாமாவுக்கு நெஞ்சுநோ. பின்னிருக்கையில் ஏற்றினோம். பற்றரி இளைத்துவிட, அப்பா ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். பிறகு நான். பிறகு மாமாவின் மூத்த மகன். ஒரு இருமல்கூட இல்லை. அப்பா கார்பரேற்றரைத் தடவி விரலை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ரோச் லைற்றுக்குப் பற்றரி இல்லை. அதுவும் தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கைப் பெற்றோலுக்குக் கிட்டக் கொண்டுவர முடியாது. விளக்கை வேலியடியில் வைத்துவிட்டு, அப்பா கைத்தடவலிலேயே மிதவை அறையின் மூடியைக் கழற்றினார். ஓர் ஆணி மண்ணில் விழுந்தது. நாங்கள் முழங்காலில் நின்று அதனைத் தேடினோம். மண்ணெண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்து, பெற்றோலை வார்த்து, கார் காங்கேசன்துறை வீதியில் ஏறும்போது முக்கால் மணித்தியாலம் கடந்திருந்தது.

மாமா இரண்டு நாட்களின் பின் காலமானார். அந்த முக்கால் மணித்தியாலம் கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எவரும் எனக்குச் சொல்ல முடியாது. நானும் எவரிடமும் கேட்டதில்லை.

செத்தவீட்டில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அப்பா, "பம்ப் பழுதாப் போச்சு" என்றார். அதற்கு மறுநாள், முற்றத்தில் எல்லோரும் காணப் பம்பைக் கழற்றி, அதன் பொயின்றுகளை உரசித் துடைத்து, திரும்பப் பூட்டினார். அது ஏற்கனவே நன்றாகத்தான் இருந்தது. 2009 இல் இறக்கும்வரை என்னோடு அவர் அதுபற்றிப் பேசியதில்லை.

இந்த எஸ்.யூ. பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று வேகமாக அடிக்கும். மிதவை அறை நிறைந்ததும் அடங்கிவிடும். அடிக்காவிட்டால் பொயின்று கருகியிருக்கலாம். ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டினால் பலவேளைகளில் உயிர்பெறும். இப்போதோ அது நிற்காமல் அடித்துக்கொண்டேயிருந்தது. இவ்வளவு பாடுபடுகிற ஒன்றைப் பழுதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "தம்பி, பம்பைக் கழற்ற வேண்டாம். கார்பரேற்றருக்குப் போற குழாயை மட்டும் கழற்றி ஒரு போத்தலுக்குள் விடும்" என்றேன்.

சாவியைத் திருப்பினோம். போத்தலுக்குள் சிறிது பெற்றோலும் நிறையக் குமிழிகளும் வந்தன. பம்ப் பெற்றோலுக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. அப்படியானால் ஓட்டை பம்புக்கு முன்னால், ராங்கிப் பக்கத்தில். மெக்கானிக் காரின் கீழே படுத்து உலோகக் குழாயைத் தடவிக்கொண்டே போனார். பம்புக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மடிப்பில், விரலளவு இறப்பர்த் துண்டு ஒன்று. சைக்கிள் ரியூப்பைக் கீலங்கீலமாக வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கியிருந்தது. விறகுபோல் காய்ந்து வெடித்திருந்தது.

"இதார் ஐயா செய்தது?"

அப்பாவின் கட்டு எனக்குத் தெரியும். பம்பைக் கழற்றிக் காட்டிய அன்று முறிந்த குழாயா, 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு நெரிசலில் முறிந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெக்கானிக் புதிய குழாய்த் துண்டைக் கிளிப் போட்டு இறுக்கினார். பம்ப் வேகமாக அடித்தது, மெதுவானது, நின்றது. இரண்டாந் தடவையில் கார் பற்றிக்கொண்டது.

அவன் முன்கதவைத் திறந்தபோது நிறுத்தினேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கவே சொன்னேன்: பம்ப் அன்றைக்கும் பழுதில்லை, திருகியை மாற்றாமல் விட்டவன் நான்.

அவன் கதவுப்பிடியை விடாமல் கொஞ்சநேரம் நின்றான். "எனக்கு அப்ப ஒன்பது வயது. நீங்கள் ஹாண்டில் சுத்தினது மட்டுந்தான் ஞாபகம் அண்ணை" என்றான். பிறகு முன்கதவைச் சாத்திவிட்டு, பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தான்.