வில்லும் சில்லும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மையும் பணித்திருந்தனர். கல்லூரியின் தோற்றமும் வளர்ச்சியும், அதிபர்களின் அருந்தொண்டு, ஆடுகளத்தில் ஈட்டிய வெற்றிகள் என்றின்னோரன்ன பொருள்களைப்பற்றி எழுதவல்லார் பலர் உளர். எமக்கோ கடந்த பத்தாண்டுகளாக மனத்தைவிட்டு நீங்காத பொருள் ஒன்றேயொன்று: ஒரு சிறிய மோட்டார் காரின் வில்கள். மலருக்கு இஃது ஏற்ற பொருளன்று என அன்பர்கள் ஒதுக்கிவிடலாகாது. 1978ஆம் ஆண்டு எமது பௌதிக ஆய்வுகூடத்தில் யாம் செய்தும் விளங்கிக்கொள்ளாது விட்ட ஒரு பரிசோதனை, இவ்விடயத்திற்றான் எமக்குப் பயன்பட்டது.

யாம் வாழ்வது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில். அந்நாட்டில் ‘ஓட்டோகுறொஸ்’ என்றொரு போட்டி உண்டு. (இங்கிலாந்தில் இதே பெயர் புல்வெளியில் நிகழும் ஓட்டத்தைக் குறிக்கும்; அது வேறு.) விசாலமான கார்த் தரிப்பிடத்திலோ பழைய விமானத்தளத்திலோ செம்மஞ்சட் கூம்புகளை நிறுத்தி, வளைவும் நெளிவுமாக ஒரு பாதை அமைப்பர். கார்கள் ஒன்றையொன்று முந்த முயல்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தே ஓடும். மணிக்கூடு மாத்திரமே எதிரி. ஓட்டம் ஒரு நிமிட அளவில் முடிந்துவிடும். கூம்பு ஒன்றைத் தட்டினால் இரண்டு வினாடி தண்டம். காலையிற் கூம்புகளுக்கிடையே நெளிந்த அதே கார், மாலையில் அரிசியும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும். இவ்விளையாட்டின் அழகும் அதுவே, சிக்கலும் அதுவே.

எமது கார் 1990ஆம் ஆண்டின் மஸ்டா மியாட்டா. 1989இற் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதல் வெளிப்பட்ட இனம், இருவர் மட்டுமே இருக்கத்தக்கது, 1.6 லீற்றர் இயந்திரம். நிறை ஆயிரம் கிலோவிற்குச் சற்றுக் குறைவு. நான்கு சில்லுகளும், மேலும் கீழுமாக அமைந்த இவ்விரண்டு கைகளாற் றாங்கப்பட்டு, தனித்தனியே எழுந்து தாழ்வன. இத்தகைய அமைப்பை அக்காலத்தில் இந்த விலைக் கார்களிற் காண்பது அரிது. யாம் அதனை 2014இல் வாங்கியபோது அதற்கு வயது இருபத்துநான்கு. வேறு கார் எமக்கில்லை. மனையாள் இரயிலில் வேலைக்குச் சென்றமையின், மகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்வதும் அக்காரே.

முதலாண்டுப் போட்டிகளில் எமது கார் வளைவுதோறும் ஒருபுறமாகச் சரிந்தது. சரிவதே குற்றம், தாழ்ந்து இறுகி நிற்பதே குணம் என்று யாம் முடிவுகட்டினோம். விளம்பரப் படங்களில் நிலத்தைத் தொடுமாப்போல நிற்கும் கார்களைக் கண்ட எவர்க்கும் அவ்வெண்ணந்தானே எழும்! காரை ஏறக்குறைய நான்கு சென்ரிமீற்றர் தாழ்த்தும் குறுகிய சுருள்வில்கள் நான்கினை வாங்கி, பழைய ஷொக் அப்சோபர்களின்மேலேயே பூட்டுவித்தோம். பணம் மீதமாயிற்றென்று மகிழ்ந்தோம்.

போட்டியிற் கண்ட பயன் யாது? அமெரிக்க ஸ்போட்ஸ் கார் கழகத்தின் விதிப்படி, ‘ஸ்ட்ரீட்’ வகுப்பில் ஓடும் கார் தனது தொழிற்சாலை வில்களையே கொண்டிருத்தல் வேண்டும். ஷொக் அப்சோபரை மாற்றலாம், சாய்வைத் தடுக்கும் தண்டுகளில் ஒன்றை மாற்றலாம், வில்லை மாற்றலாகாது. எனவே எமது கார் மேல்வகுப்பிற்குத் தள்ளப்பட்டு, யாவும் மாற்றியமைத்த கார்களோடு மல்லுக்கட்டி, ஈற்றயல் இடத்தைப் பெற்றது. ஈற்றில் நின்றவருக்கு அன்று கியர் உடைந்திருந்தது.

இஃதொரு வேடிக்கையாகவே முடிந்திருக்கும். ஆயின் 2016ஆம் ஆண்டு வைகாசி மாதத்து மாலையொன்றில், மழைத்தூறலில், மகளுடன் நெடுஞ்சாலையை விட்டிறங்கும் வளைபாதையிற் சென்றுகொண்டிருந்தோம். வேகம் விதிக்குட்பட்டதே. மாரியில் நீர் உறைந்தும் உருகியும் வெடித்த பாதையில், ஒரு பொருத்து சற்று மேலெழுந்து நின்றது. அதன்மேல் ஏறியதும் பின்புறம் ‘டக்’ என்றொரு ஓசை. மறுகணம் காரின் பின்பகுதி வெளியே வழுக்கி முன்னுக்கு வந்தது. ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, வேலிக்கு ஒரு முழம் இப்பால் நின்றோம். பின்னால் வந்த பாரவண்டிக்காரர் நல்லவேளையாக விலகி ஓடினார். மகள் ஒன்றுமே பேசவில்லை. வீட்டை அடைந்தபின்னரும் அவள் புத்தகப்பையை மடியினின்று இறக்கவில்லை.

யாம் மழையைக் குறைகூறினோம், ரயரைக் குறைகூறினோம். உண்மையை உணர்த்தியவர் எமது ஐயா. அவ்வாண்டு ஆனியில் யாழ்ப்பாணத்திலிருந்து எம்மைக் காணவந்திருந்தார், வயது எண்பத்துநான்கு. இளமையில் ஒஸ்ரின் ஏ நாற்பது காரொன்றை வாடகைக்கு ஓட்டி எம்மைப் படிப்பித்தவர். தொண்ணூறுகளிற் குடாநாட்டிற் பெற்றோல் கிடையாதிருந்தபோது, அக்காரைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர். அத்தகையவரை விமான நிலையத்தினின்று எமது சிவப்புக் காரிற் பெருமிதத்தோடு ஏற்றிவந்தோம். அரைவழியில் அவர் இடுப்பைப் பற்றிக்கொண்டு, “மோனை, உதென்ன மாட்டுவண்டிலோ? வண்டிலிலும் வைக்கலைப் போட்டெல்லோ இருக்கிறனாங்கள்” என்றார்.

மறுநாட் காலை ஐயா காரைச் சுற்றிவந்தார். பின்மூலையில் இரு கைகளையும் ஊன்றி அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். கார் இரண்டு விரற்கடை தாழ்ந்து, எதிலோ முட்டி, பின்னர் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. “ஷொக் செத்துப்போச்சு. வில்லு முட்டில இருக்குது,” என்றார். பின்னர், “பாரம் ஏத்திறவன்தான் தகடு கூட்டுவான். நீ ஆரை ஏத்தப் போறாய்?” என்று வினவினார். ஏ நாற்பதின் பின்வில் தகடுகளை அடுக்கியது. வெங்காய மூடைகள் ஏற்றும் காலத்தில் ஒரு தகடு கூட்டுவதும், பயணிகளை ஏற்றும் காலத்தில் அதனைக் கழற்றுவதும் அவர் வழக்கம். தகடு கூட்டிய வெறுங்கார் தெருவிற் றுள்ளும் என்பதை யாமும் சிறுவயதில் பின்னாசனத்திலிருந்து அறிந்திருந்தோம். அறிந்தும் என்ன?

அன்றிரவு உறக்கமின்றிக் கிடக்கையிலே ஆய்வுகூடம் நினைவில் எழுந்தது. தாங்கியிற் றொங்கும் சுருள்வில். அதன் கீழ் நூறு நூறு கிராமாக ஏற்றிய படிகள். அருகே நிறுத்திய மீற்றர்க் கோல். றொபேட் ஊக்கு 1678இல் வெளியிட்ட விதியை யாம் அதில் வாய்ப்புப் பார்த்தோம். பின்னர்ப் படியைச் சற்றே இழுத்துவிட்டு அலைவுகளை எண்ணினோம். வில் பாரத்தால் எவ்வளவு நீளுகின்றது என்பதை மட்டும் அறிந்தால் அதன் அலைவுகாலத்தைக் கூறிவிடலாம், பாரத்தையோ வில்லின் வன்மையையோ வேறாக அறியவேண்டுவதில்லை என்று ஆசிரியர் கூறியதும், பின்வாங்கில் இருந்த யாம் அதனைக் கொப்பியில் எழுதிக்கொண்டு மறந்ததும் நினைவுக்கு வந்தன.

எழுந்து கணக்கிட்டோம். காரின் பாரத்தாற் சில்லுக்கு மேலுள்ள உடல் 25 சென்ரிமீற்றர் அமிழுமாயின் அது வினாடிக்கு ஒருமுறை அலையும். சொகுசான குடும்பக் கார் அவ்வளவிலேயே மிதந்து செல்லும். 11 சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் வினாடிக்கு ஒன்றரை முறை. தெருவில் ஓடும் ஸ்போட்ஸ் காருக்கு அதுவும் அதற்குச் சற்று மேற்பட்டதும் இசையும். 6 சென்ரிமீற்றராயின் இரண்டு முறை. அது போட்டிக் காருக்குரியது, ஐயாவின் இடுப்புக்குரியதன்று. வில் சில்லின் நேர்மேலே நில்லாது கையின் இடையிலே நிற்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். சில்லு பத்துப் பங்கு எழும்போது வில் ஏழு பங்கே சுருங்குமாயின், சில்லில் உணரப்படும் வன்மை வில்லின் வன்மையிற் பாதியேயாகும். ஏழின் வர்க்கம் நாற்பத்தொன்பது அன்றோ!

எமது பிழையின் ஆழம் அடுத்த வரியிற் றெரிந்தது. வில் ஏற்கும் சக்தி, அது சுருங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மேட்டில் ஏறும் சில்லு எழுவதற்கிருந்த இடத்திற் பாதியை யாம் காரைத் தாழ்த்தித் தொலைத்துவிட்டோம். தூரம் பாதியானால் அதே மேட்டை ஏற்க வில் நான்கு மடங்கு வலிதாதல் வேண்டும். யாம் வாங்கிய வில்லோ பழையதிலும் காற்பங்கே வலியது. மிச்சத்தை யார் சுமப்பார்? இறப்பர் முட்டுத்தான். வளைவிற் சரிந்த கார் முட்டிலே போய் நின்றதும், அந்த மூலையின் வன்மை ஒருங்கே பன்மடங்காகி, வெளிப்புறப் பின்சில்லின்மேற் பாரம் பாய்ந்து, ஈரத்தில் ரயர் தன் பிடியை விட்டது. மழையும் ரயரும் குற்றமற்றவை. மகளை வேலியின் அருகே கொண்டுசென்றது எமது கொள்முதலே.

வில்களைக் கழற்றிப் பழைய தொழிற்சாலை வில்களையே மீண்டும் பூட்டினோம். அதன்பின் செய்தவற்றைச் சொல்லுகின்றோம். இதே ஆசையுடைய இளைஞர் இக்கல்லூரியிலும் இருக்கக்கூடும்.

முதலில் ரயர். தெருவிலும் ஓடவல்ல, ஆயினும் பிடி மிகுந்த ரயர். ‘ஸ்ட்ரீட்’ வகுப்பில் அதன் தேய்வு எண் 200க்குக் குறையலாகாது. அடுத்தது சில்லுகளின் நிலை. மியாட்டாவின் கீழ்க்கைகளில் உள்ள மையம் விலகிய ஆணிகளைத் திருப்பிச் சில்லின் தலையைச் சற்று உட்புறம் சாயவைக்கலாம். இதற்குக் கூலியன்றிச் செலவொன்றுமில்லை. வளைவிற் கார் சரியும்போது வெளிப்புற ரயர் அப்பொழுதுதான் முழுத்தட்டையாக நிலத்தைப் பற்றும். முன்சில்லுகளை நேராக நோக்கவைத்தோம். வெளிநோக்கித் திருப்பினால் மைதானத்தில் மூக்கு விரைந்து திரும்பும் என்பது மெய்யே. ஆயின் அன்றாட ஓட்டத்தில் ரயரின் உள்விளிம்பு கரைந்துபோகும்.

மூன்றாவதும் தலையாயதும் ஷொக் அப்சோபர். பெயர்தான் அதிர்ச்சியை ஏற்பது. அதிர்ச்சியை ஏற்பது உண்மையில் வில். ஷொக்கின் தொழில், வில் ஏற்ற சக்தியை எண்ணெயின் உராய்வில் வெப்பமாக்கி அலைவை அடக்குவது. ஆய்வுகூடத்திலே தொங்கும் படி நீருட் சென்றதும் ஓரிரு முறை அசைந்து ஓய்ந்ததைக் கண்டோரே நாம் எல்லோரும். கூம்புகளுக்கிடையே கார் இடமும் வலமும் விரைந்து மாறுகையில், அது எவ்வளவு சரிகின்றது என்பதினும் எவ்வளவு விரைவிற் சரிந்து அமைகின்றது என்பதே பெரிது. அதனை ஆள்வது ஷொக். சேமிப்பிற் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டோம். கோனி மஞ்சள் ஷொக்குகளை வாங்கினோம். மேல்முனையைத் திருப்பினால் வில் மீண்டு விரியும் வேகத்தை இறுக்கவும் தளர்த்தவும் இயலும். தெருவுக்குத் தளர்ச்சி, மைதானத்தை அடைந்ததும் ஒரு சிறு திருப்பு, மாலையில் மீண்டும் தளர்ச்சி. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், தொடர்ந்த குழிகளில் வில் விரிய நேரமின்றிக் கார் படிப்படியாகத் தாழ்ந்து மறுபடியும் முட்டுக்கே போய்ச்சேரும். ஆதலாற் றளர்ந்த நிலையிற் றொடங்கிச் சிறிது சிறிதாக இறுக்குவதே முறை. இறப்பர் முட்டுகளையும் புதியனவாக இட்டோம். பழையன பொடிந்து கையோடு வந்தன.

இறுதியாக, முன்புறத்திற்குத் தடித்த சாய்வுத்தடைத் தண்டு ஒன்று. பின்புறத்திற்கன்றோ இடவேண்டும் எனச் சிலர் வாதிட்டனர். எமது காரின் டிபறன்சல் சாதாரணமானது. பின்தண்டு தடித்தால் வளைவில் உட்புறப் பின்சில்லு நிலத்தினின்று கிளம்பி, இயந்திரத்தின் வலுவெல்லாம் வெறுங்காற்றிற் சுழலும். முன்தண்டு தடிப்பதாற் காரின் சரிவும் குறைந்தது. பின்சில்லிரண்டும் நிலத்தை விடவில்லை.

ஆவணியில் அதே மைதானத்தில், ‘ஸ்ட்ரீட்’ வகுப்பில், பதினொருவருள் நான்காவதாக வந்தோம். தாழ்ந்த வில்களோடு ஓடிய எமது பழைய நேரத்தினின்று ஏறக்குறைய ஒன்றரை வினாடி குறைந்திருந்தது. பாதை அன்றன்றைக்கு மாறுவதாகையால் இதனைப் பெரிதாக மதிக்கவேண்டியதில்லை. கார் முன்போலவே சரிந்தது. படத்திற் பார்க்க அழகில்லை என்று ஒரு நண்பர் இரங்கினார். மகள் அன்று மைதானத்துக்கு வரவில்லை. மறு ஞாயிறு, கடைக்குப் போகும் வழியில், கேளாமலே வந்து முன்னாசனத்தில் ஏறிக்கொண்டாள். அந்த வளைபாதையால் இறங்கும்போது மட்டும் கதவின் கைப்பிடியைப் பற்றியிருந்தாள்.

புரட்டாதியில் ஐயா ஊர் திரும்பினார். விமான நிலையத்துக்கு வாடகைக் கார் அழைப்போமா என்றோம். அவர் பதிலிறுக்காது, சென்று பின்மூலையை அழுத்திப் பார்த்தார். கார் தாழ்ந்தது, எழுந்தது, நின்றது. கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். நெடுஞ்சாலையில் ஏறிச் சிறிது தூரம் செல்வதற்குள் உறங்கிவிட்டார்.

கழற்றிய குறுவில்கள் நான்கும் எமது நிலவறையிற் கிடக்கின்றன. விலைகேட்டு இருவர் வந்தனர், இருவரும் இளைஞர். கொடுக்க மனம் வரவில்லை.