கடிமெயும் வாசியும்

மைசூரில் வாழும் அந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவர். அறுபதைக் கடந்தபின் இடுப்பில் தொடங்கிய வலி இடது காலின் வழியே கணுக்கால் வரை இறங்கியது. பத்து நிமிடம் நடந்தால் எங்கேனும் உட்கார வேண்டும். நான்காம் இடுப்பு முள்ளெலும்பு ஐந்தாவதன்மீது முன்னோக்கி நழுவியிருப்பதை எக்ஸ்ரே காட்டியது. ‘ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்’ என்றார் மருத்துவர். முள்ளெலும்பு, நழுவுதல் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. உறவினர்களோ ‘ஸ்லிப் டிஸ்க்’ என்றே சொல்லிவந்தனர். அது வேறு. அங்கே பிதுங்குவது எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு. இங்கே நகர்ந்தது எலும்பே.

முதுகுத்தண்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நோவு ‘கடிமெ’ ஆகும் என்றார் மருத்துவர். ஆசிரியையின் செவியில் அது ‘வாசி’ ஆகும் என்றே விழுந்தது. கன்னடத்தில் முன்னது குறைதல், பின்னது குணமாதல். ‘இப்போது தேவலை’ என்னும் தமிழ்த்தொடரும் இதே மயக்கத்தைத் தரவல்லதுதான். வலியில் இருப்பவருக்கு இவ்விரண்டின் இடைவெளி எளிதில் புலப்படுவதில்லை.

ஊசி பலித்தது. ஒரு வாரத்தில் கால்வலி அடங்கியது. எலும்பு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டதென நம்பியவர், பரணிலிருந்த பித்தளை அண்டாவைத் தாமே இறக்கினார். மருத்துவர் தந்த உடற்பயிற்சித் தாளை மடித்து அலமாரியில் வைத்தார். மூன்றாம் மாதம் வலி மீண்டது. தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணினார்.

மறுமுறை சென்றபோது நேராகவே கேட்டார்: “இது வாசியா, கடிமெயா?”

மருத்துவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார். “கடிமெதான் அம்மா” என்று தொடங்கி, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை அன்று விளக்கினார். மருந்து எலும்பை நகர்த்தாது. நெருக்குண்ட நரம்பைச் சூழ்ந்த அழற்சியைத் தணிக்கும். அத்தணிவு சிலருக்குச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள். சிலருக்குக் கிட்டாமலும் போகலாம். நீரிழிவு உள்ளவர்க்குச் சில நாள்கள் சர்க்கரை உயரும். அடிக்கடி போட்டால் எலும்பு வலுவிழக்கும். அரிதாகப் பக்கவாதம் போன்ற கடுந்தீங்கும் நேரலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் இதை எச்சரித்துள்ளது. கால் வலுவிழந்தாலோ சிறுநீர்க் கட்டுப்பாடு தவறினாலோ ஊசிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வலி அடங்கியிருக்கும் காலம் வயிறு, முதுகுத் தசைகளை வலுப்படுத்துவதற்கானது.

இரண்டாம் ஊசியையும் அவர் போட்டுக்கொண்டார். இம்முறை வலி அடங்கிய வாரத்திலேயே அலமாரியிலிருந்த தாளை எடுத்து விரித்தார். அண்டா மீண்டும் பரணுக்கு ஏறியது. ஏற்றியவன் பேரன்.