ஜாதிக்காயின் ஊர் பாலிக் புலாவ்

ஜோர்ஜ்டவுனிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைச்சாலையில் வளைவுகள் அதிகம். வயிற்றைப் புரட்ட இறங்குபவர்களுக்கு அந்த ஊரில் கைமருந்து ஜாதிக்காய்ச் சாறுதான். லக்சாவோடும் அதையே குடிக்கிறார்கள். இனிப்பு, புளிப்பு, தொண்டையில் லேசான காரம். ஒரு குவளை குடித்ததும் எனக்கும் தெம்பு வந்தது.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடப்பது விதை மட்டுமே. மரத்தில் அது சிறு கொய்யா அளவுள்ள மஞ்சள் பழம். முற்றியதும் இரண்டாக வெடிக்கும். உள்ளே சிவப்பு வலைபோல் படர்ந்திருப்பது ஜாதிபத்திரி, அதனடியில் கரும்பழுப்பு ஓடு, ஓட்டுக்குள் ஜாதிக்காய். ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. கன்று வளர்ந்து பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. அதற்குச் சில ஆண்டுகள் ஆகும்.

இந்த மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இதைப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலைப் பக்கமும் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள்தாம். 1850களில் பரவிய நோய் அவற்றை அழித்தது. பினாங்கும் அடிவாங்கியது, ஆனாலும் இந்த மலைச்சரிவுகளில் மரம் தங்கிவிட்டது.

தோட்டக்காரரான சீனப் பெரியவர் ஒரு சிறு போத்தலைத் திறந்து, தைலத்தை என் உள்ளங்கையில் தடவினார். “மாசோக் ஆங்கின்” என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார். வயிற்றில் காற்றடைத்தால் மேலே தேய்ப்பார்களாம். மூட்டுவலிக்கும் அதுவேதானாம்.

நம் வழக்கம் வேறு. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு இவற்றோடு ஜாதிக்காயையும் கல்லில் இழைத்து, குழந்தைக்கு உரைமருந்தாகக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்குக்கும் தூக்கத்துக்கும் அதுவே மருந்து.

தோட்டத்துக் கடையில் கைக்குழந்தையோடு வந்த இளம்பெண் ஒருவர் ஜாதிக்காய்ப் பொடியைக் கையில் எடுத்தபடி என்னிடம் கேட்டார்: “அக்கா, பிள்ளைக்கு மூணு மாசம். ராத்திரி தூங்கவே மாட்டேங்குது. இதை எவ்வளவு கொடுக்கலாம்? மாமி கொடுக்கச் சொல்றாங்க.”

பாட்டிமார் கல்லில் ஓரிரு சுற்றுத்தான் இழைப்பார்கள். சுற்றுதான் அவர்களுக்கு அளவு. பொடிப் பொட்டலத்தில் அந்த அளவு இல்லை, கரண்டிதான் இருக்கிறது. ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. பெரியவர்களே ஒரு முழு விதையைப் பொடித்துச் சாப்பிட்டால் வாய் உலர்ந்து, நெஞ்சு படபடத்து, மனம் குழம்பிப் போகலாம். பச்சைக்குழந்தைக்கு எந்த அளவு தாங்கும் என்று யார் உறுதி சொல்வது? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தூக்கம் வராமல் அழுதால் கிளினிக்கில் காட்டுவதே நல்லது.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். “மாமிகிட்ட எப்படிக்கா சொல்றது?” என்றார்.

“டாக்டரம்மா சொல்லட்டும். மாமியையும் கூடவே கிளினிக்குக்கு அழைச்சிட்டுப் போங்க.”

சிரித்தார். பொடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மாமிக்கு ஒரு போத்தல் சாறு வாங்கிக்கொண்டார்.