விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறி

நாடுகாணியில் மழை இறங்கிவிட்டால் பிள்ளைகளுக்கு வெளியில் இடமில்லை. தமிழ்நாட்டிலேயே மிகுதியான மழை பெறும் இடங்களுள் தேவாலாவும் பந்தலூரும் அவற்றை அடுத்த நம் ஊரும் அடங்கும். ஜூன் முதல் ஆகஸ்டு முடிய மைதானம் சேறாகவே கிடக்கும். மழை விட்ட மாதங்களிலோ யானை. மாலை ஆறு மணிக்குமேல் அது தேயிலைச் சரிவின் எந்த மடிப்பில் நிற்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. பந்தோடு வெளியே சென்ற பிள்ளையை வாசலில் நின்று கூவி அழைத்துக்கொள்ளாத தாய் இங்கு இல்லை. ‘பிள்ளைகள் வெளியே ஓடியாடட்டுமே’ என்று சமவெளியிலிருந்து எழுதுவோருக்கு இதை முதற்கண் சொல்லிவைக்கிறோம். இங்கே பிள்ளை விளையாட வேண்டுமாயின், ஆண்டில் பாதி நாள் கூரைக்கடியில்தான் விளையாட வேண்டும்.

2025-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த வாரத்தில், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் தம் மகனோடு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகனுக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. “சாமி, இவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும். படிப்புக்கு வேணுமாம். எதை வாங்கறதுன்னு எங்களுக்குத் தெரியலை. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார். மகன் கையில் ஒரு தாள் வைத்திருந்தான். அதில் எழுதியிருந்த கணிப்பொறியின் விலை தொண்ணூறாயிரம். முன்பணம் போக மீதியை மாதத் தவணையில் கட்டலாம் என்று கடையிலேயே சொல்லியிருந்தார்கள்.

தொண்ணூறாயிரம் என்றால் என்னவென்று கொழுந்துக்கூடை சுமக்கும் குடும்பத்திற்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அவ்வீட்டின் மொத்தச் சேமிப்பே எண்பதாயிரம். தீபாவளி போனஸ், மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்த்தது, தந்தை ஜீப் ஓட்டி மிச்சம் பிடித்தது என்று நான்காண்டுகளில் திரண்ட தொகை அது. மகனைக் கல்லூரியில் சேர்க்கும் நாளுக்கென்று வைத்திருந்தது.

நாம் முதலில் விலையைப் பற்றிப் பேசவில்லை. அவ்வீட்டில் ஏற்கெனவே ஒரு மடிக்கணிப்பொறி இருப்பதை அறிவோம். 2011-இல் தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணிப்பொறித் திட்டத்தில், பையனின் சித்தி 2018-இல் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கையில் பெற்றது. தமிழகத்தில் ஐம்பது லட்சத்திற்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அவ்வாறு கிடைத்தது. நம் மலைத் தோட்டங்களில் அவை இன்னும் பல வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. மெதுவாகத்தான் விழிக்கும். ஆயினும் பாடம் படிக்கவும், கட்டுரை தட்டெழுதவும், நிரலெழுதப் பழகவும் அது போதும். அவ்வாறிருக்க, ‘படிப்புக்கு’ என்று எதற்குத் தொண்ணூறாயிரம்?

“தம்பி, எந்த விளையாட்டு?” என்று கேட்டோம். அவன் தாயைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு மூன்று பெயர் சொன்னான். ஒன்று கால்பந்து. ஒன்று மைன்கிராப்ட் என்னும் கட்டடம் கட்டும் விளையாட்டு. மூன்றாவது கார் திருடிச் சுடுகிற ஜி.டி.ஏ. 2013-இல் வெளிவந்த அந்த ஐந்தாம் பகுதி பதினெட்டு வயது நிரம்பியோருக்கென்றே தரம் பிரிக்கப்பட்டது. பதினாறு வயதுப் பையனுக்கு அது ஆகாது என்று அங்கேயே சொல்லிவிட்டோம். மற்ற இரண்டுக்கும் நமக்கு மறுப்பில்லை.

தாய்க்குத்தான் அதிர்ச்சி. விளையாட்டுக்கென்று பணம் செலவிடுவது பாவம் போலவே நம் குடும்பங்களில் பலர் எண்ணுகின்றனர். அதனாலேயே பிள்ளைகள் ‘படிப்பு’ என்னும் போர்வைக்குள் விளையாட்டை ஒளித்துக் கொண்டுவருகின்றனர். திருச்சபையின் போதனை அவ்வளவு கடுமையானதன்று. புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பிரிவு 168-ஆம் வினாவில், இதை விரிவாக ஆய்கிறார். அளவான விளையாட்டில் ஒரு நற்பண்பு உண்டு என்கிறார். அதோடு நில்லாமல், விளையாட்டே அறியாது பிறர் மகிழ்ச்சிக்குத் தடையாயிருப்பதிலும் குற்றமுண்டு என்கிறார். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது வகுப்பில் சிரிப்பெழுந்தது நினைவிருக்கிறது. இறைவாக்கினர் செக்கரியாவின் எட்டாம் அதிகாரத்தில், மீண்டும் எழும்பும் எருசலேமின் அடையாளமாக அவர் காண்பது தெருக்களில் விளையாடும் சிறுவர் சிறுமியரை அன்றோ! தெருவில் யானை நிற்கும் ஊரில் அவ்வாசகத்தை நாம் சற்று மாற்றிப் பொருள்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே, ‘விளையாட்டுக்காக’ என்று அவன் தன் வாயால் தாயிடம் சொன்னான். பிறகே கணக்கு. கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று ஆண்டவர் உரைத்தது லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் உள்ளது. நாமும் உட்கார்ந்தோம். கல்லூரிக்கென்று முப்பதாயிரம் தொடாமல் நிற்க வேண்டும், தவணை கூடாது, திரையும் யு.பி.எஸ்.ஸும் உட்பட அனைத்தும் ஐம்பதாயிரத்திற்குள் அடங்க வேண்டும் என்று முடிவாயிற்று. பையனின் முகம் சுருங்கியது. தாயின் முகம் தெளிந்ததையும் அவன் கண்டான் என்றே நினைக்கிறோம்.

மறுவாரம் அவனே ஒரு விலைப்பட்டியலோடு வந்தான். சமவெளி நகரொன்றின் கடையில் முப்பத்திரண்டாயிரத்திற்கே கிடைக்கிறதாம். ஐ-5, 16 ஜி.பி., தனி கிராபிக்ஸ் கார்டு, வண்ண விளக்கு எரியும் மூன்று விசிறிகள். அதைக் கூடலூர்ப் பக்கத்தில் கணிப்பொறி பழுதுபார்க்கும் நம் பங்கு இளைஞர் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். ஐ-5 என்பது பெயர் மட்டுமே. 2009 முதல் அப்பெயரில் தலைமுறை தலைமுறையாகப் பிராசசர்கள் வந்துள்ளன. பட்டியலில் இருந்தது மூன்றாம் தலைமுறை, 2012-ஆம் ஆண்டினது. கிராபிக்ஸ் கார்டு 2014-இல் வந்த ஜி.டி. 730. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்பதற்கு இன்டெல் எனில் எட்டாம் தலைமுறையேனும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய அலுவலகக் கணிப்பொறியின் குடலை எடுத்துப் புதுப் பெட்டியில் வைத்து விளக்கேற்றியிருக்கிறார்கள் என்றார். பழையதைப் பழையது என்று சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. ‘கேமிங் பி.சி.’ என்று பெயர் மாற்றி ஏழை வீட்டுப் பிள்ளையிடம் விற்பதற்கு வேறு பெயர் உண்டு. அக்கடைக்காரர் பாவசங்கீர்த்தனத்திற்கு எங்கே போவாரோ அறியோம்.

நம் குடும்பங்கள் இதை நினைவில் கொள்ளட்டும்: பட்டியலில் பிராசசரின் முழு எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் நிற்காதீர்கள்.

அவ்விளைஞர் நம் மேசையிலேயே அமர்ந்து பட்டியலொன்று போட்டார். விளையாட்டில் பணத்தைப் பெரிதும் விழுங்குவது படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு. அதைத் தனியே வாங்காமல், அந்த ஆற்றல் உள்ளடங்கிய பிராசசராக வாங்கிக்கொள்ளலாம் என்றார். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி என்பது 2021-இல் வந்தது. அவன் கேட்ட கால்பந்தையும் மைன்கிராப்டையும் படத்தின் நயத்தைச் சற்றுக் குறைத்துவைத்தால் தடங்கலின்றி ஓட்டும். பின்னொரு நாள் பணமிருந்தால், அதே பெட்டியில் கிராபிக்ஸ் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ரேம் எனப்படும் நினைவகம். 16 ஜி.பி. ஒரே துண்டாக வேண்டாம், எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள் என்றார். ஏனென்று கேட்டோம். இவ்வகைப் பிராசசருக்குப் படம் வரையத் தனி நினைவகம் கிடையாது. பொது நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இரு துண்டுகளாக இருந்தால் இரு வழிகளில் ஒரே நேரத்தில் எடுக்கலாம். பூசை முடிந்ததும் கோவிலின் ஒரு கதவு மட்டும் திறந்திருப்பதற்கும் இரு கதவுகள் திறந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று நாம் புரிந்துகொண்டோம். இந்த நினைவகத்தின் விலைதான் அவனைத் துன்புறுத்தியது. செயற்கை நுண்ணறிவுக்கென உலகெங்கும் எழும் தரவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததால், 2025-இன் இறுதி மாதங்களில் அதன் விலை மும்முரமாக ஏறியது. எங்கோ எழும்பும் கூடத்திற்காக நாடுகாணியில் ஒரு தாய் கூடுதலாகக் கொழுந்து பறிக்க வேண்டியிருக்கிறது! வண்ண விளக்கு விசிறிகளை விட்டுக்கொடுத்து அந்த ஏற்றத்தைச் சரிக்கட்டினான்.

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியில் மட்டும் சிக்கனம் கூடாது என்று இளைஞர் கண்டிப்பாகச் சொன்னார். பெட்டியோடு சேர்த்து மலிவாகக் கிடைப்பது கெட்டால் பிறவற்றையும் கெடுத்துவிடக்கூடும். பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், ‘80 பிளஸ்’ முத்திரையுள்ளது, என்று எழுதினார். பிற்காலத்தில் கிராபிக்ஸ் கார்டு சேர்த்தாலும் அது தாங்கும். இங்கே மின்சாரம் போவதும் வருவதும் மழையின் சித்தம். ஆதலால் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று. விளையாடிக்கொண்டே இருப்பதற்கன்று, முறைப்படி நிறுத்துவதற்கு. வீட்டின் எர்த் கம்பி சரியாக உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்கவும் சொன்னார். மின்கட்டணம் பற்றித் தாய் அஞ்சினார். இத்தகைய கணிப்பொறி ஆடும்போது ஏறத்தாழ 150 வாட் எடுக்கும் என்று கொண்டால், நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இரு மாதத்திற்குப் பதினெட்டு யூனிட். அவர் நினைத்ததைவிடக் குறைவு.

ஈரத்தைப் பற்றியும் ஒரு சொல். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைப்பது நம்மவர் வழக்கம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி, மேசைமேல் வைத்து, துணியால் மூடினால் போதும். நாள்தோறும் சிறிது நேரம் இயக்கினால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். இடி இடிக்கையில் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இதைக் கேட்டதும் பையன், ‘நாள்தோறும் இயக்க வேண்டுமாம் அம்மா’ என்று தாய்க்கு நினைவூட்டினான்.

மடிக்கணிப்பொறி வாங்கலாகாதா என்று தந்தை கேட்டார். அதில் மின்கலம் உண்டு, யு.பி.எஸ். வேண்டாம் என்பது உண்மை. ஆனால் விளையாட்டைத் தாங்கும் மடிக்கணிப்பொறி இத்தொகைக்குள் புதிதாக அமைவது அரிது. உறுப்பைப் பின்னர் மாற்றுவதும் கடினம். நமக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றும் காரணம் ஒன்றுண்டு. மேசைக் கணிப்பொறியைப் போர்வைக்குள் எடுத்துச் செல்ல இயலாது. முன்னறையில், திரை எல்லார் கண்ணிலும் படுமாறு, அது நிற்கும். பையன் எவரோடு பேசி விளையாடுகிறான் என்பதைப் பாத்திரம் கழுவிக்கொண்டே தாய் கேட்கலாம்.

வாங்கியபின் வரும் செலவையும் குடும்பங்கள் அறிய வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் தடைசெய்தது. அது பெரிய நன்மை. எனினும், ஆட்டத்திற்குள் சட்டை, வாள், வைரம் என்று விற்கப்படும் பொய்ப் பண்டங்கள் வேறு வகை. அவற்றுக்கான பணம் தாயின் கைபேசி வழியாகவே போகும். ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கும் தாய்மார் நம்மிடையே மிகப் பலர். அதை அன்றே மாற்றச் செய்தோம்.

எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதில் வீட்டில் வாக்குவாதம் எழுந்தது. தந்தை, ‘நல்ல மார்க் வாங்கினால் கூடுதல் நேரம்’ என்றார். நமக்கு அதில் உடன்பாடில்லை. மதிப்பெண்ணுக்குக் கூலியாக விளையாட்டைக் கொடுத்தால் இரண்டும் கெடும்; ஓய்வு கூலியன்று. பையனுக்குப் புனித கார்லோ அக்குத்திசின் வரலாற்றைச் சொன்னோம். 1991-இல் பிறந்து, 2006-இல் பதினைந்தே வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். கணிப்பொறியில் கைதேர்ந்து, நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். பிளேஸ்டேஷன் விளையாட்டிலும் விருப்பமுடையவர். ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரமென்று தாமே வரையறுத்துக்கொண்டார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். அதே திருப்பலியில் உடன் உயர்த்தப்பட்ட பியேர் ஜியோர்ஜியோ பிராசாத்தி மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டவர் என்பது நம் மலைநாட்டாருக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

‘வாரத்துக்கு ஒரு மணி நேரமா!’ என்றான் பையன். புனிதர் தாமே வைத்துக்கொண்ட அளவை அவன்மேல் நாம் சுமத்தவில்லை. அவனே ஓர் அளவு சொல்லட்டும் என்றோம். பள்ளி நாள்களில் ஒரு மணி, விடுமுறையில் இரண்டு மணி, இரவுச் செபமாலைக்குமுன் நிறுத்திவிடுவது என்று சொன்னான். தாளெடுத்து அதை எழுதத் தொடங்கினோம்.

அப்போதுதான் அவ்வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கை ஒருத்தி இருப்பது பேச்சில் வந்தது. இத்தனை நாளும் அவளை எவரும் கேட்கவில்லை. அவளுக்கும் விளையாடத் தெரியும். சித்தியின் பழைய மடிக்கணிப்பொறியில் அண்ணனைவிட அவளே மைன்கிராப்டில் பெரிய வீடு கட்டியிருந்தாளாம். பாதி நேரம் தனக்கு வேண்டும் என்றாள். முதலில் சனிக்கிழமைப் பிற்பகல். அண்ணன் அதற்குப் பதிலாகப் புதன் மாலையைத் தருவதாகப் பேரம் பேசினான். அவள் இணங்கவில்லை. தாயும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். சனிக்கிழமைப் பிற்பகல் அவள் பெயரிலேயே எழுதப்பட்டது.