பட்டியலில் இல்லாத பெயர்

எங்கள் இல்லத்திலுள்ள கணினி ஒன்றே. அதனுட் குடியிருக்கும் இயங்குதளங்களோ இரண்டு. லினக்ஸ் என் பங்கு. விண்டோஸ் என் தமக்கையாருடைய பங்கு. கணினியை முடுக்கியவுடன் கிரப் என்னும் நிரல் வாயிற்காவலனைப்போல் முன்வந்து, இரண்டின் பெயரையும் காட்டி, எதனை அழைப்பது என்று வினவும்.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஓரிரவு, தமக்கையார் உறங்கிய பின்னர், ஒருவரையுங் கேளாமல் டெபியன் 11-ஐ டெபியன் 12-ஆக உயர்த்தினேன். காலையிற் பட்டியலில் விண்டோஸின் பெயரைக் காணேன்! தமக்கையாரது ஆய்வேடு முழுவதும் அதனுள்ளே இருந்தது. சமர்ப்பிக்க மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. வேறு பிரதியும் இல்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று.

விண்டோஸை மீண்டும் நிறுவிவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். அவ்வாறு செய்திருப்பேனாயின் உள்ளதையும் இழந்திருக்கக்கூடும். பதறிய கையை அடக்கி, வட்டின் பகுதிகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே என்னுங் கட்டளையை இட்டேன். விண்டோஸுக்குரிய பகுதி அளவிற் சிறிதுங் குறையாமல் அங்கேயே இருந்தது. படிப்பதற்கு மட்டும் அதனைத் திறந்து, முதற்காரியமாக ஆய்வேட்டைப் பென்டிரைவிற் படியெடுத்தேன். அதன் பின்னரே எனக்கு மூச்சு வந்தது.

நிற்க. உள்ள பொருள் பட்டியலில் தோன்றாமை ஏன்? பிற இயங்குதளங்களைத் தேடிக் கிரப்புக்கு அறிவிப்பது ஓஎஸ்-புரோபர் என்னும் நிரல். மெய்ந்நிகர் கணினிகள் இயங்கும் இடங்களில் அத்தேடுதல் இடர் விளைப்பதுண்டு. 2021-இல் வெளிவந்த கிரப் 2.06, நாமாகக் கேட்டாலன்றித் தேடாதபடி அதனை நிறுத்திவைத்தது. டெபியன் 12-உம் அவ்வழக்கத்தையே கைக்கொண்டது. இச்செய்தி அதன் வெளியீட்டுக் குறிப்பிலே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. படியாதிருந்தவன் யானே.

பரிகாரம் எளிது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் 'கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்' என்று எழுதவேண்டும்; 'முடக்காதே' என்பது அதன் பொருள். இரண்டு எதிர்மறை சேர்ந்து ஓர் உடன்பாட்டை உணர்த்தும் என்று இலக்கண வகுப்பிற் கேட்டது அன்றுதான் எனக்குப் பயன்பட்டது! பின்னர் 'அப்டேட்-கிரப்' என்னுங் கட்டளையை இட்டேன். விண்டோஸைக் கண்டதாகத் திரையில் ஒரு வரி தோன்றிற்று. மறுபடி முடுக்கியபோது அப்பெயர் பழைய இடத்தில் நின்றது. ஆய்வேடும் உரிய நாளிற் சேர்ந்தது.

பெயர் பட்டியலில் இல்லாமையாற் பொருளே இல்லையென்று துணிதல் பேதைமை என்பதை அன்று கற்றேன். இருவர்க்குப் பொதுவான பொருளை மற்றவர் அறியாமல் மாற்றலாகாது என்பதையும் உடன் கற்றேன். பின்னது எந்தக் குறிப்பிலும் எழுதப்படவில்லை. எழுதாமலே யான் அறிந்திருக்கவேண்டியது அது.