கிளட்சுக்குப் பின்னால்

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். தேசிய நெடுஞ்சாலை 16இல் லாரிகள் ஓயாமல் ஓடும் எல்லை ஊர் இது. கிழக்கே பழவேற்காடு ஏரி. அந்தப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் சவுக்குத் தோப்புகள். முன்பு சென்னையின் அடுப்புகளுக்குப் போன கடலோரச் சவுக்கு இப்போது சாரத்துக்கும் பந்தல்காலுக்கும் காகிதக் கூழுக்கும் போகிறது. அதை அறுக்கும் பவர் சாக்கள் பழுதானால் வந்து சேரும் சாலையோரப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

மரம் வெட்டும் இளைஞர் ஒருவர் பழைய மெஷினோடு வந்தார். "செயினுக்கு ஆயில் வர்லண்ணா. பிளேடு சுட்டுப் புகையுது."

மெக்கானிக் பிளேடைக் கழற்றி, ஆயில் துளையைக் கம்பியால் குத்திப் பார்த்தார். அடைப்பில்லை. "அப்போ உள்ளதான் கோளாறு. பிரிச்சிடலாம்பா."

ஆயில் பம்ப் இருப்பது கிளட்சுக்குப் பின்னால். கிளட்ச் கழல வேண்டுமென்றால் கிராங்க் சுற்றக் கூடாது. பிளக்கைக் கழற்றினார், பிஸ்டன் புகைவாயைத் தாண்டி மேலேறிய பிறகு, பிளக் துளை வழியே நைலான் கயிற்றை உள்ளே விட்டார். பிஸ்டன் கயிற்றில் முட்டி நின்றது. முன்னதாகவே விட்டிருந்தால் கயிறு புகைவாயில் மாட்டி நறுக்கப்பட்டிருக்கும். அடுத்தது கிளட்ச். அதில் இடது மரை. வலப்பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் இடப்பக்கம் திருகி, சுத்தியலால் தட்டி, கிராங்கையே பாழாக்கியவர்களின் மெஷின்களும் அந்தப் பட்டறையில் கிடந்தன.

கிளட்ச் வெளியே வந்ததும் காரணம் தெரிந்தது. மரத்தூளும் எண்ணெயும் மணலும் சேர்ந்து தார்க்கட்டிபோல இறுகிக் கிடந்தன. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்தார். பம்பைச் சுற்றும் சின்ன வார்ம் கியரின் பற்கள் பாதி தேய்ந்திருந்தன. "அடியோட அறுக்கறப்ப செயின் மண்ணைத் தொட்டுடுது தம்பி. அந்த மண்ணுதான் தின்னுடுச்சு."

அதோடு அவர் விடவில்லை. கிராங்கைச் சுற்றியிருக்கும் ஆயில் சீலை நகத்தால் தொட்டுப் பார்த்தார், காய்ந்து விறைத்திருந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் ஆயிலும் கலந்த கலவை கிராங்க் கூண்டு வழியாகத்தான் மேலே போகிறது. சீல் விட்டுப்போனால் வெளிக்காற்று உள்ளே புகும். கலவை நீர்த்து, பிஸ்டனுக்கு எண்ணெய் குறைந்து, எஞ்சின் தாறுமாறாக வேகமெடுத்துக் கடைசியில் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்ப்பவர் கார்புரேட்டர் திருகைத்தான் திருகிக்கொண்டிருப்பார். ஐட்லிங்கில் ஓடும் மெஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறுகிறதா என்று மெக்கானிக் காது கொடுப்பது இதற்காகத்தான். மாறினால் சீலையோ பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். பழையது, இனி ஆகாது என்று காயலான் கடைக்குப் போகும் மெஷின்களில் பலவற்றை இந்தச் சின்ன ரப்பர் வளையம் காப்பாற்றியிருக்கும்.

மறுபக்கச் சீலுக்காக மேக்னட்டையும் புல்லர் போட்டு எடுத்தார். திரும்பப் பூட்டும்போது காயிலுக்கும் மேக்னட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைத்தார். விறைத்துப்போன பெட்ரோல் டியூபும் மாறியது. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். வேலை முடிந்தால் டேங்கில் மிச்சம் வைக்காதே என்று இளைஞரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த மெஷினில் செயின் பிரேக் இல்லை. பிளேடின் மூக்கு மரத்தில் இடித்தால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும்; தடுக்க எதுவுமில்லை. கையுறை, தலைக்கவசம்கூட இல்லாமல்தான் அந்த இளைஞர் அதை வாங்கிக்கொண்டு போனார். மெஷினுக்குச் செலவழிக்கும் முதலாளிகள், அதைப் பிடிக்கும் கைக்கும் செலவழிக்க வேண்டும்.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சாய்த்த மரங்களைச் சென்னைச் சாலைகளிலிருந்து அகற்றியது இத்தகைய மெஷின்கள்தான். பவர் சா வைத்திருப்பவர்களே, புயல் எச்சரிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். புரட்டாசியிலேயே சர்வீசுக்குக் கொடுங்கள். கிளட்சைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மெக்கானிக் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.